புளூக் கிருமி சட்டை மாற்றும் விதம்



எங்கள் தமிழ்ப்பள்ளிக்குப் பேத்தியை அழைத்துப் போக நாள்தோறும் ஒரு பாட்டி வருவார். ஒரு நாள் பள்ளி வாசலில் ஆசிரியர்களாகிய எங்களை நிறுத்தி அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்கய்யா வாத்தியாரே, போன வருஷந்தான் புளூ ஊசி போட்டேன். இந்த வருஷமும் வந்து போட்டுக்கங்கன்னு கிளினிக்குல சொல்றாங்க. அம்மைக்குச் சின்னதுல ஒரு தடவ குத்துனாங்க, அதோட சரி. இந்தக் காய்ச்சலுக்கு மட்டும் வருஷா வருஷம் எதுக்கு?"

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்து பேசினார். 1957-ஆம் ஆண்டு, நாடு மெர்டேக்கா பெற்ற அந்த ஆண்டிலே, அவருக்கு ஒன்பது வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவருடைய பெற்றோர் பால்வெட்டு வேலை செய்தார்கள். "லயத்துல ஒரு வீடு பாக்கியில்ல. பாய விரிச்சு எல்லாரும் படுத்துட்டாங்க. பெரட்டுக்கு ஆளில்ல. எங்கம்மாதான் தள்ளாடி எழுந்து பத்து வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சுனாங்க. அப்ப வந்ததும் இப்ப வர்றதும் ஒரே காய்ச்சல்தானா வாத்தியாரே?" என்று கேட்டார்.

பாட்டியின் கேள்விகள் இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. புளூக் கிருமியின் மேற்சட்டையில் இருக்கிறது. அந்தச் சட்டை எதனால் ஆனது, அதைக் கிருமி எப்படி மாற்றிக்கொள்கிறது, மாற்றிக்கொண்டால் அதன் தொற்றும் வலிமை கூடுமா, குறையுமா என்பதை இன்று காண்போம்.

புளூக் காய்ச்சலை உண்டாக்குவது வைரஸ் என்னும் நுண்கிருமி. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் சுமார் பத்தாயிரம் புளூ வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியது. தனியாக இருக்கும்போது அதனால் உண்ணவும் முடியாது, பெருகவும் முடியாது. நம் மூக்கிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள உயிரணுக்களுக்குள் நுழைந்தால்தான் அதற்கு வாழ்வு. நுழைந்தபின் நம் உயிரணுவையே தொழிற்சாலையாக்கித் தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கான வைரஸ்களைச் செய்துகொள்ளும்.

இந்த வைரஸின் மேற்பரப்பைச் சுற்றிலும் பலாப்பழத்து முள்ளைப் போலச் சிறு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை புரதங்கள். அவற்றில் இரண்டு வகைகள் முக்கியமானவை. ஒன்றின் பெயர் ஹீமாக்ளூட்டினின். சுருக்கமாக 'எச்' என்பார்கள். மற்றொன்றின் பெயர் நியூராமினிடேஸ். சுருக்கமாக 'என்' என்பார்கள். செய்தித்தாளில் எச்1 என்1, எச்5 என்1 என்றெல்லாம் படிக்கிறோமே, அந்த எழுத்துகள் இந்த இரு புரதங்களைத்தான் குறிக்கின்றன.

நாவில் நுழையாத இந்தப் பெயர்களுக்குப் பதிலாக, அவை செய்யும் வேலையைக் கொண்டு நாம் வேறு பெயர் வைத்துக்கொள்வோம். முதலாவது ஒட்டும் புரதம். இரண்டாவது வெட்டும் புரதம்.

நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. ஒட்டும் புரதம் அதைப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால்தான் வைரஸ் உள்ளே போக முடியும். உள்ளே போய்ப் பெருகிய பிறகு புதிய வைரஸ்கள் வெளியே வருகின்றன. அப்போது ஒரு சிக்கல் ஏற்படுகிறது. வெளியே வந்த வைரஸ்களின் ஒட்டும் புரதம் அதே சர்க்கரைப் பொருளை மறுபடியும் பற்றிக்கொள்ளுமே! அப்படிப் பற்றிக்கொண்டால் அவை பிறந்த வீட்டு வாசலிலேயே சிக்கிக் கிடக்க வேண்டியதுதான். அங்கேதான் வெட்டும் புரதம் வேலை செய்கிறது. சர்க்கரைப் பொருளை வெட்டிவிட்டு வைரஸை விடுவிக்கிறது. நம் மூக்குச் சளியிலும் இதே சர்க்கரைப் பொருள் உண்டு. வருகிற வைரஸைச் சளி பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கும். அதையும் வெட்டி வழி செய்துகொண்டு போவது இதே புரதந்தான்.

இவ்விரண்டின் வேலையையும் ஒரே சோதனையில் பார்த்தவர் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1941-இல் அவர் கோழிக்கருவுள்ள முட்டைக்குள் புளூ வைரஸை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்த வைரஸ் கலந்த நீரும் கோழியின் சிவப்பு இரத்த அணுக்களும் சேர்ந்தபோது, அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. ரப்பர்ப் பாலில் அமிலம் விட்டதும் அது திரண்டு கட்டியாவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பார்வைக்கு அதைப் போன்றதுதான். ஆனால் ரப்பர்ப் பால் திரண்டால் திரண்டதுதான். ஹிர்ஸ்டின் குழாயிலோ, சிறிது நேரம் கழித்து வைரஸ் தானாகவே அணுக்களை விட்டுப் பிரிந்தது. முதலில் நடந்தது ஒட்டும் புரதத்தின் வேலை. பிறகு நடந்தது வெட்டும் புரதத்தின் வேலை.

இனி, சட்டை மாறும் கதைக்கு வருவோம்.

புளூ வைரஸின் சட்டை இரண்டு வழிகளில் மாறுகிறது. முதல் வழி, மெல்ல மெல்ல மாறுவது. கரும்பலகையில் எழுதியதைப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிழை விழுகிறதல்லவா? ஒருவன் எழுதியதைப் பார்த்து இன்னொருவன் எழுதினால் பிழை மேலும் கூடும். புளூ வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போதும் அப்படிப் பிழைகள் விழுகின்றன. அவற்றைத் திருத்தும் ஆசிரியர் அதனிடம் இல்லை. ஆகவே ஓரிரு ஆண்டுகளில் ஒட்டும் புரதத்தின் உருவம் சற்றே மாறிவிடுகிறது. சென்ற ஆண்டு ஊசியால் நம் உடல் கற்றுக்கொண்ட அடையாளம் இந்த ஆண்டு முழுமையாகப் பொருந்துவதில்லை. தவிரவும், ஊசியினால் உண்டான எதிர்ப்புச் சக்தியும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. பாட்டியின் முதல் கேள்விக்கு விடை இதுதான். அம்மைக் கிருமி சட்டையை அப்படி மாற்றுவதில்லை. புளூக் கிருமி மாற்றுகிறது.

இரண்டாவது வழி திடீரென்று மாறுவது. பாட்டி சிறுமியாக இருந்தபோது பார்த்தது இந்த இரண்டாவது வழியில் வந்த வைரஸைத்தான்.

புளூ வைரஸின் மரபுச் செய்தி, அதாவது அதன் உடலைச் செய்வதற்கான குறிப்பு, ஒரே நீளமான இழையாக இல்லை. எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. ஒரு துண்டில் ஒட்டும் புரதத்துக்கான குறிப்பு, இன்னொன்றில் வெட்டும் புரதத்துக்கான குறிப்பு, மற்ற ஆறில் உள்ளே இருக்கும் பாகங்களுக்கான குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குடும்பங்கள் ஒரே நாளில் தோட்டத்தை விட்டு வீடு மாறிப் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எட்டுப் பெட்டிகள்: அரிசிப் பெட்டி, பாத்திரப் பெட்டி, துணிப் பெட்டி என்று வகைக்கு ஒன்று. இரவு வேளை, விளக்கில்லை. இரண்டு குடும்பத்தின் பெட்டிகளும் ஒரே கூடத்தில் கலந்து கிடக்கின்றன. லாரியில் ஏற்றுபவனுக்கு வகைக்கு ஒன்று ஏற வேண்டும் என்பது தெரியும். எது யாருடையது என்பது தெரியாது. ஒரு லாரியில் இந்த வீட்டு அரிசிப் பெட்டியும் அந்த வீட்டுத் துணிப் பெட்டியும் ஏறிப் போய்விடும்.

இரண்டு வேறு வேறு புளூ வைரஸ்கள் ஒரே உயிரணுவுக்குள் ஒரே வேளையில் நுழைந்துவிட்டால் இதுதான் நடக்கிறது. எட்டுத் துண்டுகளும் இரண்டு இரண்டு விதமாகக் கிடைப்பதால், கணக்குப்படி 256 விதமான வைரஸ்கள் பிறக்க இடமுண்டு. அவற்றில் இரண்டு மட்டுமே பெற்றோரைப் போன்றவை. மற்ற 254-உம் கலப்பு. ஆஸ்திரேலியாவில் மக்ஃபார்லேன் பர்னெட் என்ற அறிஞர், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு புளூ வைரஸ்களைச் சேர்த்து வளர்த்து, இரண்டின் குணமும் கலந்த வைரஸ் பிறப்பதைக் காட்டினார்.

இங்கே ஒரு கேள்வி எழும். கலப்பு வைரஸ் எல்லாமே பயங்கரமானதா? புதுச் சட்டை போட்டவுடன் அது வலிமை பெற்றுவிடுமா?

இல்லை. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள நமக்கு நன்கு தெரிந்த ரப்பர் மரத்தையே எடுத்துக்கொள்வோம். நாற்றங்காலில் வளர்ந்த கன்றில், நிறையப் பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டுவார்கள். வேர் ஒரு மரத்துடையது, தண்டு வேறொரு மரத்துடையது. சில தோட்டங்களில் ஒரு படி மேலே போய், இலைநோயைத் தாங்கும் வேறொரு வகை மரத்தின் மொட்டைத் தண்டின் உச்சியில் கட்டித் தலைப்பகுதியையும் மாற்றிப் பார்த்தார்கள். வேர் ஒன்று, தண்டு ஒன்று, தலை ஒன்று என மூன்று மரம் சேர்ந்த ஒரே மரம். ஆனால் கட்டிய ஒட்டெல்லாம் பிடிப்பதில்லை. பிடித்தாலும், தண்டுக்குப் பொருந்தாத தலை அமைந்தால் பால் குறைந்துவிடும். தலையும் நல்லது, தண்டும் நல்லது. இரண்டுக்கும் பொருத்தந்தான் இல்லை.

வைரஸிலும் அப்படியே. ஒட்டும் புரதமும் வெட்டும் புரதமும் ஒன்றுக்கொன்று அளவாக இருக்க வேண்டும். ஒட்டும் வலிமை மிகுந்து வெட்டும் வலிமை குறைந்தால், பிறந்த வைரஸ்கள் உயிரணுவின் வாசலிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்து கிடக்கும். அடுத்த உயிரணுவுக்குப் போக முடியாது. வெட்டும் வலிமை மிகுந்து ஒட்டும் வலிமை குறைந்தால், உள்ளே நுழைவதற்கு முன்பே பிடிப்பு அறுந்துபோகும். இரண்டிலும் தொற்றும் திறன் குறைவுதான்.

இது வெறும் ஊகம் அன்று. 1974-இல் அமெரிக்காவில் பீட்டர் பலீஸ் என்ற அறிஞரும் அவருடன் இருந்தோரும், வெட்டும் புரதம் வேலை செய்யாத வைரஸை ஆராய்ந்தார்கள். அவை பிறந்த இடத்திலேயே கும்பலாகச் சிக்கிக் கிடந்ததை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார்கள். 1990-களில் மாஸ்கோவில் நிக்கோலாய் கவேரின் என்ற அறிஞரின் குழுவினர், பறவை வைரஸ் சிலவற்றின் ஒட்டும் புரதத்தை மனித வைரஸின் வெட்டும் புரதத்தோடு சேர்த்துக் கலப்பு வைரஸ்களை உண்டாக்கினார்கள். அவற்றில் பல ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன, குறைவாகவே பெருகின. ஆனால் அவற்றைத் திரும்பத் திரும்ப வளர்த்தபோது, ஒட்டும் புரதத்தில் சிறு மாற்றம் ஏற்பட்டு அதன் பிடி சற்றே தளர்ந்தது. பிடி தளர்ந்ததும் வைரஸ் மறுபடியும் நன்றாகப் பெருகியது.

இந்தச் சோதனை நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. சட்டை மாறிய வைரஸ் முதலில் தடுமாறும். அது நமக்கு நன்மை. ஆனால் பெருக இடமும் நேரமும் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது பொருத்தத்தைத் தேடிக்கொள்ளும். அது நமக்கு ஆபத்து.

இன்னொரு தடையும் உண்டு. சியாலிக் அமிலச் சர்க்கரை உயிரணுவோடு இணையும் விதம் இரண்டு. அதை இரண்டு விதப் பூட்டு என்று சொல்லலாம். பறவை வைரஸின் சாவி பறவைப் பூட்டுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். மனித வைரஸின் சாவி மனிதப் பூட்டுக்குப் பொருந்தும். நம் மூக்கிலும் தொண்டையிலும் மனிதப் பூட்டே மிகுதி. பறவைப் பூட்டு நம் நுரையீரலின் அடி ஆழத்தில் இருக்கிறது. ஆகவே பறவைக் காய்ச்சல் வைரஸ் மனிதனுக்கு எளிதில் தொற்றுவதில்லை. தொற்றினால் ஆழத்தில் இறங்கிக் கடுமையான சளிக்காய்ச்சலை உண்டாக்கலாம். ஆனால் இருமல் தும்மலில் பிறருக்குப் பரவுவது அரிது. பன்றியின் மூச்சுக்குழலிலோ இரண்டு விதப் பூட்டுகளும் உண்டு. பறவை வைரஸும் மனித வைரஸும் சந்திக்கும் கூடமாகப் பன்றி அமைந்துவிடுவது அதனால்தான்.

இவ்வளவு தடைகளையும் தாண்டி ஒரு கலப்பு வைரஸ் வெளியே வந்துவிட்டால் என்ன ஆகும்? 1957 அதற்குச் சான்று.

அதற்கு முன் மனிதரிடையே உலவியது எச்1 என்1 வகை வைரஸ். 1918-இல் உலகத்தையே உலுக்கிய கொடிய காய்ச்சல் வைரஸின் வழித்தோன்றல் அது. அந்த 1918 காய்ச்சல் மலாயாத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. தாயகமான இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. பிழைத்தவர்களுடைய உடலும், அவர்களுக்குப் பின் பிறந்து அந்த வைரஸின் வழித்தோன்றல்களைச் சந்தித்தவர்களுடைய உடலும் எச்1 சட்டையை அடையாளம் கண்டுகொண்டன.

1957-இன் தொடக்கத்தில் சீனாவில் ஒரு புதிய வைரஸ் தோன்றியது. ஏப்ரலில் ஹாங்காங்கை அடைந்தது. மே மாதத்தில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பரவியது. அந்த ஆண்டு சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட வைரஸ் மாதிரி, 'சிங்கப்பூர் 1957' என்ற பெயராலேயே உலக ஆய்வுக்கூடங்களில் இன்றும் அறியப்படுகிறது. அதைப் பிரித்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது? எட்டுத் துண்டுகளில் ஐந்து, பழைய மனித வைரஸுடையவை. மூன்று, பறவை வைரஸிலிருந்து வந்தவை. அந்த மூன்றில் இரண்டுதான் ஒட்டும் புரதமும் வெட்டும் புரதமும்! உள்ளே மனித உடலில் பழகிய வைரஸ். வெளியே மனித உடல் காணாத எச்2 என்2 என்ற புதுச் சட்டை. அந்த ஆசியக் காய்ச்சலால் உலகில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பாட்டியின் லயத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாரும் படுத்துக்கொண்டது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா? அந்தச் சட்டையைக் கண்டுகொள்ளும் உடல் அந்த லயத்தில் ஒன்றுகூட இல்லை.

பதினோராண்டு கழித்து, 1968-இல், ஹாங்காங் காய்ச்சல் வந்தது. இம்முறை ஒட்டும் புரதம் மட்டும் எச்3 என்று மாறியது. வெட்டும் புரதம் பழைய என்2 ஆகவே இருந்தது. ஆசியக் காய்ச்சலைச் சந்தித்தவர்களின் உடலுக்குச் சட்டையின் ஒரு பாதி தெரிந்திருந்தது. பல நாடுகளில் 1968 காய்ச்சல் சற்று மென்மையாக இருந்ததற்கு அது ஒரு காரணம் என்பது அறிஞர்கள் கருத்து.

2009-இல் வந்த எச்1 என்1 காய்ச்சலை நம் பிள்ளைகளின் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு மே 15-ஆம் நாள் மலேசியாவில் முதல் நோயாளி உறுதி செய்யப்பட்டார். அந்த வைரஸின் ஒட்டும் புரதம் அமெரிக்கப் பன்றிகளிடையே நெடுங்காலம் உலவிய வைரஸுடையது; வெட்டும் புரதம் ஐரோப்பிய, ஆசியப் பன்றிகளிடையே உலவிய வைரஸுடையது. இரு வேறு வீட்டுப் பெட்டிகள் ஒரே லாரியில் ஏறிப் பொருத்தமாகவும் அமைந்துவிட்டன. 1957-க்கு முன் பிறந்த முதியவர் பலருக்கு எச்1 சட்டை ஓரளவு பழக்கமானது. ஆகையால் அந்தக் காய்ச்சல் முதியோரைவிட இளையோரையே மிகுதியாகத் தொற்றியது. பாட்டி தப்பிக்கலாம், பேத்தி தப்பிக்க மாட்டாள். இதையும் மனத்தில் வைக்க வேண்டும். 1968-க்குப் பிறகு எச்2 வகை மனிதரிடமிருந்து மறைந்துபோயிற்று. அதன்பின் பிறந்த நம்மில் எவர் உடலும் அதைக் கண்டதில்லை. பறவைகளிடமோ அது இன்றும் இருக்கிறது.

நீர்ப்பறவைகளிடையே ஒட்டும் புரதத்தில் 16 வகைக்குக் குறையாமலும், வெட்டும் புரதத்தில் 9 வகையும் கண்டிருக்கிறார்கள். அவற்றுள் எச்5 என்1 வகைப் பறவைக் காய்ச்சல் 2004-இல் கிளந்தானில் கோழிகளிடையே வந்தது. 2006-இல் நம் பேராக் மாநிலத்திலும் வந்தது. கோழிகளை அழித்தும் நடமாட்டத்தைத் தடுத்தும் அதை ஒழித்தார்கள். அப்போது மலேசியாவில் மனிதர் எவருக்கும் தொற்றியதாகக் காணப்படவில்லை. 2024-இல் அமெரிக்காவில் இந்த எச்5 என்1 கறவை மாடுகளிடையேயும் பரவியது. மாட்டுப் பண்ணையில் வேலை செய்வோர் சிலருக்கும் தொற்றியது.

விலங்குகளிடமிருந்து வரும் நோய் என்றதும் ஈப்போ வட்டாரத்தார்க்கு 1998 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு கிந்தா மாவட்டத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கியது நிப்பா நோய். நிப்பா வேறு வைரஸ். அது புளூ அன்று. இந்தச் சட்டை மாற்றமும் அதில் நடக்கவில்லை. ஆனால் பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் அது வந்தது. பண்ணையை ஒட்டிப் பழமரம், மரத்தில் வௌவால், கீழே பன்றி. முதலில் கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சல் என்றே எண்ணி மருந்து தெளித்தார்கள். 1999 மார்ச்சில் புதிய வைரஸ் என்று கண்டுபிடிப்பதற்குள் நோய் பல இடங்களுக்குப் பரவிவிட்டது. நாட்டில் 265 பேருக்குத் தொற்றி, 105 பேர் இறந்தார்கள். உயிரினங்கள் சந்திக்கக் கூடாத இடத்தில் சந்தித்தால் என்ன நேரும் என்பதற்குப் பேராக் மண்ணே சாட்சி.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? புளூ வைரஸ்கள் சந்திக்கும் கூடத்தை அவற்றுக்குக் கொடுக்காமல் இருப்பதே. பன்றியின் தொண்டை மட்டுமன்று, மனிதனின் உடலும் அத்தகைய கூடமாகலாம். ஒருவருக்குச் சாதாரண புளூக் காய்ச்சல் இருக்கும்போது, நோயுற்ற கோழியிடமிருந்து பறவை வைரஸும் தொற்றினால், அவருடைய உடலிலேயே இரண்டு குடும்பத்துப் பெட்டிகளும் கலந்துவிடும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு நம் குடும்பங்களில் பலர் கோழிப் பண்ணைகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் ஆண்டுதோறும் சாதாரண புளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது. அந்த ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் மனிதக் காய்ச்சலைத் தடுத்து, இரண்டு வைரஸ்களும் ஒருவர் உடலில் சந்திக்கும் வாய்ப்பைக் குறைக்கும். உங்களுக்குக் காய்ச்சலும் இருமலும் இருக்கும்போது கோழிக் கூட்டுக்கும் பன்றிக் கொட்டிலுக்கும் போகாதீர்கள். கோழிகள் காரணமின்றிக் கொத்துக்கொத்தாகச் செத்தால், குழம்பு வைக்கலாமே என்று எண்ணாதீர்கள். வெறுங்கையால் தொடாமல் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். பாலைக் காய்ச்சிக் குடிப்பது நம் வழக்கம். அந்த நல்ல வழக்கத்தை விடாதீர்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ஒரு நாள் பாடம் போனால் நாங்கள் மறுநாள் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறோம். மூச்சுத் திணறல் கண்டால், அல்லது முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, நீரிழிவுக்காரர் ஆகியோருக்குக் காய்ச்சல் கடுமையானால், காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் போங்கள். வெட்டும் புரதத்தின் வேலையை நிறுத்தும் மருந்து உண்டு. அதைக் கொடுத்தால் வைரஸ்கள் பிறந்த வாசலிலேயே சிக்கிக்கொள்ளும். ஆனால் நோய் கண்ட முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் அது நன்றாக வேலை செய்யும்.

முடிக்கும் முன் ஒரு செய்தி. இந்தச் சட்டை மாற்றும் தந்திரத்தை மனிதன் வைரஸிடமிருந்து கற்றுக்கொண்டு, அதற்கெதிராகவே பயன்படுத்துகிறான். 1934-இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் எடுத்த ஒரு புளூ வைரஸ், முட்டையில் வளர்த்து வளர்த்து மனிதருக்குத் தீங்கு செய்யும் ஆற்றலை இழந்துவிட்டது. முட்டைக்குள்ளோ மிக நன்றாகப் பெருகும். எட்வின் கில்போர்ன் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு வழி கண்டார். அந்த ஆண்டில் உலவும் வைரஸையும் இந்தப் பழைய வைரஸையும் ஒரே முட்டைக்குள் விட்டார். பிறந்த கலப்புகளில், உள்ளே பழைய வைரஸும் வெளியே புதிய சட்டையும் கொண்டதைத் தேர்ந்தெடுத்தார். இவ்வாறு செய்த தடுப்பூசி 1971 முதல் வழக்கத்துக்கு வந்தது. நல்ல வேரில் வேண்டிய மொட்டைக் கட்டுவது போன்ற ஒட்டுத்தான் இதுவும். உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை கூடி, எந்தச் சட்டைகளுக்கு ஊசி செய்ய வேண்டுமென்று அறிவிக்கிறது. முட்டையில் செய்யும் புளூ ஊசிகளுக்கு இன்றும் இந்த முறை பயன்பட்டு வருகிறது.

இவற்றையெல்லாம் பள்ளி வாசலில் நின்றபடியே பாட்டிக்குச் சொன்னோம். "அப்ப வந்ததும் இப்ப வர்றதும் ஒரே இனந்தான் பாட்டி, சட்டைதான் வேறு" என்றோம். அவர் சற்று நேரம் யோசித்தார். "அப்ப எங்கம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சத்தான் தெரிஞ்சுது. இப்ப ஊசி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் பேத்தியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். மறுவாரம் இருவருமே கிளினிக்குக்குப் போய் வந்ததாகப் பேத்திதான் எங்களிடம் சொன்னாள்.

நேயர்களே, சட்டை மாற்றி வரும் கிருமியை நம் கண்ணால் அடையாளம் காண முடியாது. நம் உடலுக்கு அடையாளம் காட்டிக் கொடுக்க முடியும். அந்த உதவியை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தவறாமல் செய்யுங்கள்.